நூறாவது கழுத்து

மருத்துவமனையின் முன்கூடத்தில் மாஸ்டரின் கழுத்தை மாட்டி வைத்திருந்தார்கள். ஆளை அல்ல, கழுத்தை மட்டும். ஆறடி உயரத்துக்குப் பெரிதாக்கிய எக்ஸ்ரே படம், பின்னால் வெள்ளை விளக்கு, நடுவில் ஐந்தாம் எலும்பையும் ஆறாம் எலும்பையும் சேர்த்துப் பிடித்திருக்கும் தகடு ஒன்று, திருகாணி நான்கு. கீழ் மூலையில் தபால்தலை அளவுக்கு மாஸ்டரின் முகம். அதற்கும் கீழே ‘நூறு கழுத்துகள், நூறு வெற்றிகள்’ என்ற வாசகம். மாஸ்டர்தான் அந்த நூறாவது ஆள். ஏழு வருடங்களுக்கு முன்னால் கழுத்து வலி தோளுக்கு இறங்கி, தோளிலிருந்து கைக்கு இறங்கித் தூக்கத்தைக் கெடுத்தபோது இங்கேதான் வந்து தகடு வைத்துக்கொண்டார். வலி போயே போய்விட்டது. அதை மாஸ்டரே மறுக்கமாட்டார்.

மாஸ்டர் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. சீருடை தைக்கும் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அறுபது மடிப்புத் துணியை நீள மேஜையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மேலே சாக்பீஸால் கோடு போட்டு, நெட்டுக்குத்தாக ஓடும் கத்தி வைத்த வெட்டு மெஷினை அந்தக் கோட்டின் மேலேயே நடத்திக்கொண்டு போவார். ஒரு நூல் பிசகினால் அறுபது சட்டைக்கும் தோள் கோணும். இருபத்தாறு வருடத்தில் அவர் கோணல் வெட்டியதாகச் சரித்திரம் இல்லை. அவர் மனைவிக்கும் அதே கம்பெனியில்தான் வேலை, பட்டன் மேஜையில். நாள் முழுக்க ஊராருக்குப் பட்டன் தைத்துவிட்டு வந்து, வீட்டில் புருஷனுக்குப் பட்டன் போட்டுவிடும் வேலையும் தன் தலையில் விழும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. விழுந்தது.

முதலில் சட்டைப் பட்டன்தான். பிறகு சாவிக்கொத்து. கீழே விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் அது கையில் இல்லை என்பதே மாஸ்டருக்குத் தெரிந்தது. இன்னொரு நாள் ஒரு கால் செருப்பு கழன்று பாதித் தெருவில் கிடக்க, இவர் பாட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார்.

“ஏங்க, ஒத்தைச் செருப்போட எங்க போறீங்க?” என்று மனைவி பின்னால் ஓடிவந்தாள்.

குனிந்து பார்த்தார். நிஜம்தான். வலி? துளிகூட இல்லை. கையும் காலும் அடுத்த வீட்டுக்காரருடையவை மாதிரி மரியாதையாகத் தள்ளி நின்றன. இதற்குப் பயப்பட வேண்டும் என்று மாஸ்டருக்குத் தெரியும். ஆனால் பயமும் சரியாக வந்து சேரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மெஷின் திணறியது. துணி சிக்கிவிட்டதோ என்று குனிந்தால், சிக்கியிருந்தது துணி இல்லை, அவருடைய இடதுகை விரல். கட்டிங் மேஜையில் இடது கைக்கு இரும்பு வலை பின்னிய கையுறை போடாமல் யாரும் மெஷினைத் தொடக்கூடாது. அது இருந்ததால் கத்தி வலையில் மாட்டிக்கொண்டு முனகிக்கொண்டிருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. எவ்வளவு நேரமாக முனகியதோ அவருக்குத் தெரியாது. ஸ்விட்சை அணைத்துவிட்டு, பட்டன் மேஜைக்குப் போய், “ஏம்மா, கொஞ்சம் வா, எங்கியாவது காட்டிட்டு வந்துடலாம்” என்றார்.

தெருமுனையில் உடற்பயிற்சி சிகிச்சை கொடுக்கும் ஒரு பெண்மணி இருந்தார். எல்லாருக்கும் அவர் பிசியோ அம்மா. மாஸ்டரின் நடுவிரல் நகத்தைச் சுண்டினார். கட்டைவிரல் தானாகத் துள்ளியது. முழங்காலுக்குக் கீழே குட்டிச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். கால் உதைத்த உதையில் எதிரே இருந்த ஸ்டூல் கவிழ்ந்தது. கோட்டின் மேல் நடக்கச் சொன்னார். துணியில் கோடு தப்பாத மனுஷன் தரையில் நாலடி கூடத் தேறவில்லை. பிசியோ அம்மாவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. ஸ்கேன் எடுக்க அனுப்பினார். படம் வந்ததும் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

“பழைய ஆபரேஷன் நல்லாத்தான் இருக்கு. அதுக்கு மேல, நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல டிஸ்க் பிதுங்கி தண்டுவடத்த நசுக்குது. கைக்கும் காலுக்கும் போற செய்தி எல்லாம் அந்த வழியாத்தான் போகணும்.”

“ஒட்டவெச்ச இடம் நல்லா இருக்குங்கறீங்க. அப்புறம் பக்கத்துல ஏன்?” என்று மனைவி கேட்டாள்.

மாஸ்டரே பதில் சொன்னார். “தையல் போட்ட இடம் கிழியாதும்மா. ரொம்ப கெட்டியா தச்சா தையலுக்குப் பக்கத்துலதான் கிழியும்.”

“அதேதான்” என்றார் பிசியோ அம்மா. “அஞ்சும் ஆறும் ஒட்டிக்கிட்டு அசையாம இருக்கு. அதுங்க அசைய வேண்டியதையும் சேத்து மேல இருக்கறது ஏழு வருஷமா அசைஞ்சிருக்கு. எல்லாருக்கும் இப்படி ஆகறதில்ல. உங்களுக்கு ஆயிருக்கு. வலிக்கலேன்னு உக்காந்துடாதீங்க. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணி அந்த அழுத்தத்த எடுக்கணும். இது வரைக்கும் போனது திரும்பி வரும்னு என்னால சொல்ல முடியாது. இருக்கறதக் காப்பாத்திக்கலாம். ஒவ்வொரு வாரமும் கணக்குதான்.”

இரண்டு மருத்துவமனைகளுக்குப் போனார்கள். ‘தகடு வைத்தவர்களிடமே போங்கள், இன்னொருத்தர் கை வைத்த கழுத்தில் நாங்கள் கை வைப்பதில்லை’ என்று இரண்டு இடத்திலும் சொல்லிவிட்டார்கள். மாஸ்டருக்கு அதில் வருத்தம் இல்லை. இன்னொருத்தன் வெட்டிய துணியை அவரும் வாங்கி வெட்டமாட்டார்.

ஆக, முன்கூடத்தில் தன் கழுத்துக்குக் கீழேயே வந்து வரிசையில் நின்றார்.

வரவேற்பு மேஜைப் பெண் கணினியில் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு அழகாகச் சிரித்தாள். “நீங்க குணமாயிட்டீங்க சார்.”

“ஏழு வருஷம் முன்னாடி ஆனேன். இப்ப கை மரத்துப்போகுது.”

“குணமானவங்களுக்கு நோய் பதிய முடியாது சார். அந்தக் கட்டமே திறக்காது. உங்களுக்கு மூணுதான் வருது: நன்றிக் கடிதம், பேட்டி, போட்டோ.”

“டாக்டரைப் பாக்கணும்னா?”

“நன்றி சொல்றதுக்குப் பாக்கலாம்.”

வேறு வழி? மாஸ்டர் நன்றிக்கு டோக்கன் வாங்கினார். ஒன்றாம் எண். மற்ற வரிசைகளில் மனிதர்கள் படிக்கட்டு வரைக்கும் நின்றுகொண்டிருக்க, நன்றி வரிசையில் அவர் ஒருத்தர்தான் இருந்தார்.

அவரை வெற்றிப் பராமரிப்புப் பிரிவுக்கு அனுப்பினார்கள். வெற்றி பெறுவது வேறு, வந்த வெற்றியைப் பராமரிப்பது வேறு என்று கண்டுபிடித்து, அதற்கென்று குளிர்சாதன அறையில் ஒரு பிரிவும், கழுத்தில் டை கட்டிய அலுவலர் ஒருவரும் இருந்தார்கள். அலுவலர் எழுந்து வந்து இரண்டு கையாலும் மாஸ்டரின் கையைக் குலுக்கினார். குலுக்குவது மாஸ்டருக்குப் பார்வையில்தான் தெரிந்தது.

அலுவலர் ஓர் அட்டையை நீட்டினார். பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்கள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு முகம். பூஜ்யம் சிரித்துக்கொண்டிருந்தது. பத்து அழுதுகொண்டிருந்தது.

“வலி எவ்வளவு சார்?”

“வலி இல்லீங்க. மரத்துப்போகுது. அதான்...”

“வலி இல்ல! பூஜ்யம்!” அலுவலர் எழுதிக்கொண்டார். “ஏழு வருஷம் கழிச்சும் பூஜ்யம். சார், உங்கள மாதிரி ஆளுங்களாலதான் எங்க சராசரி நிக்குது.”

“விரல் மெஷின்ல மாட்டினதுகூடத் தெரியலீங்க.”

“அதுக்கும் வலி இல்லியா?” அலுவலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பக்தி இருந்தது. “பூஜ்யத்துக்குக் கீழ எங்ககிட்ட கட்டம் இல்ல சார். இருந்தா உங்களுக்குத்தான் முதல்ல போடுவேன்.”

இருந்தாலும் குறை என்று ஒன்று இருந்தால் எழுதித் தரலாம், விதி இடம் கொடுக்கிறது என்றார். விண்ணப்பத்தை நோயாளி தன் கைப்பட எழுத வேண்டும். மாஸ்டர் வலது கையால் பேனாவைப் பிடித்து, இடது கையால் வலது கையைப் பிடித்து, முக்கால் மணி நேரம் எழுதினார். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. ‘படிக்கும்படி இல்லாத விண்ணப்பம் ஏற்கப்படமாட்டாது’ என்று அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். மறுநாள் மனைவி எழுதிக் கொடுத்தாள். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ‘விண்ணப்பதாரரின் கையெழுத்து தெளிவாகவும் நேர்த்தியாகவும் இருப்பதால் அவருடைய கை நல்ல நிலையில் உள்ளது’ என்று குறிப்பு எழுதி அதையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

“எழுதினது நான் சார்!” என்று மனைவி கத்தியேவிட்டாள்.

“அப்ப உங்க கை நல்லா இருக்கு மேடம்” என்றார் அலுவலர். மனுஷனிடம் பொய் கிடையாது.

எப்படியோ பதினெட்டு நாள் நடந்து, மாஸ்டர் பெரிய டாக்டரின் அறைக்குள் போய்விட்டார். தகடு வைத்தவர் இவர்தான். நூறு கழுத்தும் இவர் கை பட்டவை. சுற்றிலும் ஏழெட்டு மாணவர்கள் நின்றார்கள். மாஸ்டரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவர் கொண்டுபோன படத்தைப் பெரிய டாக்டர் விளக்குப் பலகையில் மாட்டி, கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து ரசித்தார்.

“எல்லாரும் பாத்துக்கங்க. இதுதான் தகடு. ஏழு வருஷம். ஒரு இம்மி அசைஞ்சிருக்கா? திருகாணி ஒண்ணாவது தளர்ந்திருக்கா? மனுஷன் அசைவான், எலும்பு தேயும், என் தகடு நிக்கும்.”

ஒரு மாணவி மெதுவாக, “சார், அதுக்கு மேல தண்டுவடம் நசுங்கி...” என்றாள்.

“நான் எதைப் பாக்கச் சொன்னேன்?”

“தகட்ட சார்.”

“பாரு.”

பிறகு மாஸ்டரின் பக்கம் திரும்பினார். குரல் கனிவாகத்தான் இருந்தது. “உங்களுக்கு வந்திருக்கறது புது நோய். என் ஆபரேஷனுக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. அப்படியே சம்பந்தம் இருந்தாலும், அது ஆபரேஷன் நல்லா பிடிச்சதுக்கு அத்தாட்சி. அஞ்சும் ஆறும் கெட்டியா ஒட்டலேன்னா நாலுக்கு இந்தக் கஷ்டம் வந்திருக்குமா? சரியா பண்ணாதவன்கிட்ட போயிருந்தா இன்னிக்கு உங்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்ல. யோசிச்சுப் பாருங்க.”

மாஸ்டர் யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது. அதுதான் அவருக்குக் குழப்பமாக இருந்தது. “அப்ப இத யாருங்க சரி பண்ணுவாங்க?”

“புது நோய்னா புது நோயாளிப் பிரிவு. நூறுக்கு நூறு எடுக்கறது பெரிய விஷயம் இல்ல மாஸ்டர். அத நூறாவே வெச்சுக்கறதுதான் கஷ்டம். நீங்களும் ஒத்துழைக்கணும்.”

புது நோயாளிப் பிரிவு எதிர்க் கட்டடத்தில் இருந்தது. அதற்குள் மாஸ்டரின் நடை கால்களை அகட்டி வைத்து, தரையைப் பார்த்துப் பார்த்து வைக்கும் நடையாகிவிட்டது. கண்ணை மூடினால் கால் எங்கே இருக்கிறது என்று தெரியாது. மனைவி ஒரு கையில் ஸ்கேன் உறையும் இன்னொரு கையில் புருஷனுமாக வராந்தாக்களைக் கடந்தாள். கம்பெனி மேனேஜர் நல்ல மனுஷர். மாஸ்டரை மெஷினிலிருந்து எடுத்து, துணி உருளைகளை எண்ணும் வேலையில் உட்கார வைத்திருந்தார். இருபத்தாறு வருடம் வெட்டின கை. எண்ணும்போது மாஸ்டர் கட்டிங் மேஜைப் பக்கம் திரும்பவே மாட்டார் என்று மனைவிக்குத் தெரியும். வீட்டில் அதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

புதுப் பிரிவு டாக்டர் படத்தைப் பார்த்ததும் கையைத் தூக்கிவிட்டார். “இது பழைய கழுத்து. நாங்க தகடு இல்லாத கழுத்துதான் பாப்போம்.”

“நாலாம் எலும்புல தகடு இல்லீங்களே.”

“எலும்புல இல்ல. கழுத்துல இருக்கே.”

“பெரிய டாக்டர் இது புது நோய்னாரு.”

“நோய் புதுசு. கழுத்து பழசு. நான் கழுத்துக்குத்தான் டாக்டர்.”

இப்படியாகத்தானே எல்லைத் தகராறு தொடங்கியது. நான்காம் எலும்பு புதுப் பிரிவுக்குச் சொந்தம். அதில் யாரும் கை வைக்கவில்லை. ஐந்தாம் எலும்பு பெரிய டாக்டருக்குச் சொந்தம். அதில் அவருடைய திருகாணி இருக்கிறது. நடுவில் பிதுங்கிய டிஸ்க் யாருக்குச் சொந்தம்? இரு பிரிவும் கடிதம் எழுதிக்கொண்டன. ஒரு கடிதம் ஒரு கட்டடத்திலிருந்து எதிர்க் கட்டடத்துக்குப் போக ஒன்பது நாள் ஆனது. மாஸ்டர் அந்தத் தூரத்தைத் தள்ளாடிக்கொண்டே நாலு நிமிடத்தில் கடந்துவிடுவார்.

கடைசியில் கூட்டு ஆய்வு நடந்தது. விளக்குப் பலகையில் படத்தை மாட்டி, இரு தரப்பு டாக்டர்களும் அளவுகோல் வைத்து அளந்தார்கள். வெற்றி அலுவலர் குறிப்பு எடுத்தார்.

“அஞ்சோட மேல் விளிம்புலேந்து ரெண்டு மில்லிமீட்டர். உங்க பக்கம்தான்” என்றார் புதுப் பிரிவு டாக்டர்.

“மூச்சு விடறப்ப எடுத்த படம் அது. மூச்ச இழுத்தா உங்க பக்கம் போயிடும்” என்றார் பெரிய டாக்டர்.

இரண்டு பேரும் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவர் மூச்சு எந்தப் பிரிவுக்குச் சாதகம் என்று அவருக்கே விளங்கவில்லை.

“துணியில இப்படி வந்தா என்ன பண்ணுவீங்க மாஸ்டர்?” என்று அலுவலர் பேச்சை இலகுவாக்கப் பார்த்தார்.

“ரெண்டு துண்டையும் சேத்துத்தாங்க வெட்டுவோம்.”

எல்லை நிர்ணயக் குழு ஒன்று அமைப்பது என்று முடிவாயிற்று. கழுத்துக்கென்றே கட்டியிருக்கும் புதுக் கட்டடத்தின் திறப்பு விழா நெருங்கிவிட்டதால், குழு விழாவுக்குப் பிறகு கூடும். விழா எப்போது? ஐந்து வாரம் கழித்து.

‘ஒவ்வொரு வாரமும் கணக்குதான்’ என்று பிசியோ அம்மா சொன்னது மனைவியின் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. மாஸ்டர் டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க ஆரம்பித்திருந்தார். அப்போதும் டீ சட்டையில்தான் பாதி.

அந்த நேரம் பார்த்து வெற்றி அலுவலர் வீட்டுக்கே வந்தார், அழைப்பிதழோடு. புதுக் கட்டடத்தை ரிப்பன் வெட்டித் திறந்து வைப்பது வேறு யாருமில்லை, நூறாவது கழுத்துக்குச் சொந்தக்காரர்தான்.

“சார் கட்டிங் மாஸ்டர். ரிப்பன் வெட்ட உங்களவிட யாரு பொருத்தம்? பெரிய டாக்டரே சொன்னாரு.”

“அவரால ஸ்பூன்கூடப் பிடிக்க முடியல சார்” என்றாள் மனைவி.

“ஸ்பூன் இல்ல மேடம், கத்தரிக்கோல்தான். அப்புறம் ஒண்ணு...” அலுவலர் குரலைத் தணித்தார். “விழா முடிஞ்சதும் பெரிய டாக்டர் நல்ல மனநிலைல இருப்பாரு. மேடைல மைக் இருக்கும். அப்ப நேரா கேட்டுடுங்க. எல்லார் முன்னாடியும் இல்லேன்னு சொல்ல மாட்டாரு.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். இங்கே பூசாரியே வழி சொல்லித் தருகிறாரே என்று மனைவிக்கு ஆச்சரியம். அவர்மேல் கொஞ்சம் நன்றிகூட வந்தது. மாஸ்டர் நாலு நாள் உட்கார்ந்து மைக்கில் பேச வேண்டியதை மனப்பாடம் செய்தார். மொத்தம் மூன்று வாக்கியம்.

விழா அன்று மனைவி அவருக்குப் புதுச்சட்டை போட்டுப் பட்டன்களை மாட்டிவிட்டாள். மேடைக்கு நாலு படி. இரண்டு பேர் பிடித்து ஏற்றிவிட்டார்கள். கீழே நாற்காலிகள் நிறைய டாக்டர்கள், நர்ஸுகள், பத்திரிகைக்காரர்கள். பெரிய டாக்டர் நாற்பது நிமிடம் பேசினார்.

“வலிக்கு எதிரான போர்தான் நம்ம லட்சியம். ஒரு காலத்துல நோயாளிங்க அழுதுக்கிட்டே வந்தாங்க, அழுதுக்கிட்டே போனாங்க. இன்னிக்கு? நம்ம பதிவேட்டுல அழுகையே கிடையாது. அழறவங்களை நாம பதியறதில்ல. இதோ, இவர் வலிய ஏழு வருஷம் முன்னாடி மறந்தவர். இவரு சும்மா வந்து நின்னா போதும், அதுவே ஆயிரம் ஆராய்ச்சிக் கட்டுரைக்குச் சமம்.”

கைதட்டலுக்கு நடுவே சிவப்பு ரிப்பன் நீண்டது. தட்டில் புதுக் கத்தரிக்கோல் வந்தது. தையல்காரர்கள் வைத்திருப்பதை விடக் கூர்மையான ரகம். மாஸ்டர் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். வளையத்துக்குள் விரலை நுழைக்க மூன்று முறை முயன்றார். இடது கையால் ரிப்பனைத் தாங்கிக்கொண்டார். அழுத்தினார். ஏதோ தடுத்தது. நல்ல கெட்டியான ரிப்பன் போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் அழுத்தினார்.

முன்வரிசையில் மனைவி எழுந்து நின்று அலறினாள்.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். ரிப்பன் முழுசாக இருந்தது. இடது கை ஆள்காட்டி விரல்தான் பிளந்திருந்தது. இரத்தம் ரிப்பனில் வழிந்தாலும் அதுவும் சிவப்புதான் என்பதால் பின்வரிசைக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்றைக்கு அந்தக் கையில் இரும்புக் கையுறை இல்லை. இது தன் விரல் என்று மாஸ்டருக்குத் தெரியும். ஆனால் தெரிவது கண்ணுக்கு மட்டும்தான்.

பெரிய டாக்டர் ஒரு நொடி திகைத்தார். ஒரே நொடிதான். பிறகு மாஸ்டரின் கையைப் பிடித்து உயரத் தூக்கினார். “பாருங்க! எல்லாரும் முகத்தப் பாருங்க! ஒரு சுளிப்பு? ஒரு சின்ன முனகல்? இதுதான் நம்ம சிகிச்சை!”

அரங்கம் எழுந்து நின்று தட்டியது. கேமராக்கள் மின்னின. மாஸ்டர் மைக்கின் பக்கம் போனார். மூன்று வாக்கியமும் நினைவில் இருந்தன.

“ஐயா, எனக்கு வலிக்கல” என்றார்.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அது அடங்கக் காத்திருந்தார். அடங்கவில்லை. இரண்டாவது வாக்கியத்தை அதற்குள்ளேயே சொன்னார்: “அதுதாங்க எனக்கு நோய்.” அது அவர் காதுக்கே கேட்கவில்லை. மூன்றாவதைச் சொல்வதற்குள் யாரோ தோளில் சால்வை போட்டுப் பக்கவாட்டில் திருப்பிவிட்டார்கள். மனைவி படிக்கட்டை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தாள். அவளைப் பார்த்தபடியே மாஸ்டர் காலை எடுத்து வைத்தார். காலைப் பார்த்து வைக்க வேண்டும் என்பதை அந்த நேரம் மறந்துவிட்டார். முதல் படி எங்கே என்று காலுக்குத் தெரியவில்லை. நாலு படியும் உருண்டு அவள் காலடியில் வந்து விழுந்தார்.

விழுந்ததும்தான் மாஸ்டருக்கு விடிந்தது. விழுந்தவர் விபத்து நோயாளி. விபத்துப் பிரிவுக்குப் பழசு புதுசு கிடையாது. எதற்கும் கட்டம் திறக்கும். அங்கே இருந்த டாக்டரம்மா மாஸ்டரின் காலை அசைக்கச் சொன்னார். இடது கால் கொஞ்சம் அசைந்தது. வலது கால் யோசித்தது. டாக்டரம்மா மனைவியின் கையில் இருந்த உறையைப் பிடுங்கிப் படத்தைப் பார்த்தார். மூலையில் இருந்த தேதியையும் பார்த்தார்.

“இது எடுத்து நாலு மாசம் ஆச்சே! இவ்வளவு நாள் எங்க போயிருந்தீங்க?”

“இங்கதாங்க இருந்தோம்” என்றாள் மனைவி.

விரலுக்கு ஏழு தையல் போட்டார்கள். மரத்துப்போகும் ஊசி தேவைப்படவில்லை. ஒரு மணி நேரத்தில் மாஸ்டர் ஆபரேஷன் அறையில் இருந்தார். நாலையும் ஐந்தையும் சேர்த்து, நடுவில் இருந்ததை எடுத்து, தண்டுவடத்துக்கு வழி விட்டார்கள். யார் எல்லை என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை. நாலு மாதம் யாராலும் முடியாதது ஒரு மாலைப்பொழுதில் முடிந்தது. இதை என்னவென்று சொல்ல? வயிறு எரியத்தான் செய்கிறது.

மூன்றாம் நாள் பெரிய டாக்டர் பூச்செண்டோடு வந்தார். விசாரணை நடத்தியாகிவிட்டது, தவறு மேடைப் படிக்கட்டின் மேல்தான் என்று தெரிவித்தார். படிகளுக்கு இடையே உயரம் ஒரே சீராக இல்லையாம். படி செய்த தச்சருக்குக் கடிதம் போயிருக்கிறது. “உங்க பழைய கழுத்து இன்னும் வெற்றிதான். இது விபத்துக் கழுத்து. வேற பதிவேடு. ஒண்ணும் கவலைப்படாதீங்க” என்று மாஸ்டரின் தோளில் தட்டினார். முன்கூடத்துப் படம் அங்கேயே இருக்கும் என்றும் உறுதி கொடுத்தார்.

கால் தேறியது. பத்தாம் நாள் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வராந்தாவின் கோடி வரைக்கும் போய்வந்தார். பிசியோ அம்மா பார்க்க வந்து, நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “கால் தப்பிச்சிருச்சு” என்றார். அடுத்தது கை. நகத்தைச் சுண்டிப் பார்த்தார், பஞ்சால் தொட்டுப் பார்த்தார், குண்டூசியால் குத்திப் பார்த்தார். பிறகு மனைவியை வெளியே அழைத்துப்போய்க் கொஞ்ச நேரம் பேசினார். திரும்பி வந்தபோது மனைவி முகத்தைக் கழுவியிருந்தாள்.

வீட்டுக்குப் போகும் நாளன்று காலையில் அவருக்குச் சட்டை போட்டுவிட்டாள். கழுத்துப் பட்டனை மட்டும் புதுத் தழும்புக்காகத் திறந்தே விட்டாள். கம்பெனியிலிருந்து மேனேஜர் ஆள் அனுப்பியிருந்தார். கட்டிங் மேஜைக்கு வேறொருத்தர் வந்துவிட்டார், மாஸ்டர் எண்ணும் வேலைக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று. அதைச் சொல்லாமல் அவள் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். சொல்லாவிட்டாலும் மாஸ்டருக்குத் தெரியும்.

வெற்றி அலுவலர் அட்டையும் பேனாவுமாக வாசலில் வந்து நின்றார். விபத்துப் பதிவேட்டுக்கும் கடைசியில் ஓர் அளவு வேண்டுமாம். “வலி எவ்வளவு சார்?”

“இல்லீங்க.”

அலுவலர் பூஜ்யத்தை எழுதினார். “கை எப்படி இருக்கு?”

மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் மனைவி கட்டிலில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அலுவலர் அங்கே நிற்பதை அவள் பொருட்படுத்தவில்லை. “ஏங்க,” என்றாள், “அந்தப் பக்கம் பாருங்க. ஜன்னலப் பாருங்க.”

அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே யாரோ கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“இப்ப உங்க கையப் பிடிச்சிருக்கேன். தெரியுதா?”

நாலு மாதமாக ஒரே உண்மையை எத்தனை கட்டடத்தில், எத்தனை மேஜையில், மைக்கிலும்கூடச் சொல்லிச் சொல்லிக் களைத்தவர் மாஸ்டர். ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளுடைய மூச்சு பக்கத்தில் ஏறி இறங்கும் சத்தம் கேட்டது. எவ்வளவு பலமாகப் பிடித்திருக்கிறாள் என்பதை அதை வைத்துத்தான் அவரால் ஊகிக்க முடிந்தது.

“தெரியுதும்மா” என்றார்.

அவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். அலுவலர் வாசலில் நின்றபடியே மாஸ்டர் சொன்னதைக் குறித்துக்கொண்டார்.